புயல் மழையின்போது மோட்டார் சைக்கிளை எப்படி நிறுத்துவது?

கேள்வி

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வண்டியை வாசலில் சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கவர் போட்டு வைத்திருந்தேன். மறுநாள் காலையில் அது இடுப்பளவுத் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. இம்முறை மழைக்கு முன்பே மேடான இடத்துக்குக் கொண்டுபோக நினைக்கிறேன். ஆனால், மேட்டில் காற்று வண்டியைத் தள்ளிவிடும் என்கிறார் வீட்டு உரிமையாளர். எதற்கு முதலிடம் கொடுப்பது? சென்டர் ஸ்டாண்டு நல்லதா, சைடு ஸ்டாண்டு நல்லதா?

மறுமொழி 1

தண்ணீருக்கே முதலிடம் கொடுங்கள், ஐயா. காற்றில் சாய்ந்த வண்டிக்குக் கண்ணாடியும் லீவரும்தான் போகும். தண்ணீரில் மூழ்கினால் இன்ஜினே போய்விடும். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் பலர் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆனால், திறந்த மேம்பாலம் இருசக்கர வண்டிக்கு ஏற்ற இடம் அன்று. மேடான தெருவில் உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே இடம் கேட்டுப் பெறுவதே நல்லது.

சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் இருப்பதால், வலப்பக்கத்துக் காற்று வண்டியை ஸ்டாண்டின் மேல் அழுத்தும். இடப்பக்கத்துக் காற்றோ அதை நிமிர்த்தி மறுபக்கம் தள்ளிவிடும். இதை வைத்து, காற்றின் திசை பார்த்து நிறுத்தினால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் சென்னையைக் கடந்தபோது, சிறிது நேரம் ஓய்ந்திருந்த காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி வீசியது. அதுவரை அசையாமல் நின்ற என் வண்டி அப்போதுதான் விழுந்தது. ஆகவே, புயலுக்குத் திசையை நம்பாமல் கட்டித்தான் வைக்க வேண்டும். கயிற்றை ஹேண்டில் பாரில் மட்டும் கட்டாமல் சட்டகத்தில் கோத்து, இரு பக்கமும் தூண்களில் இழுத்துக் கட்டுங்கள். முதல் கியரில் விட்டு, முன் பிரேக் லீவரையும் ரப்பர் பட்டையால் இறுக்கி வையுங்கள். கவர் வேண்டாம், அது பாய்மரம்போல் காற்றை வாங்கும்.

சமமான சிமெண்டுத் தரையில் கட்டி வைப்பதானால் சென்டர் ஸ்டாண்டு நல்லது. மண் தரையில் எந்த ஸ்டாண்டும் ஊறி இறங்கும். அடியில் பலகையோ தட்டையான கல்லோ வையுங்கள்.

மறுமொழி 2

பழைய சுற்றுச்சுவர் ஓரத்தில் மட்டும் நிறுத்த வேண்டாம். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் ஊறிய சுவர் இடிந்து வீடுகளின்மேல் விழுந்ததில் 17 பேர் இறந்தார்கள். தென்னை, முருங்கை மரங்களின் அடியும் மின்கம்பத்தின் அருகும் கூடாது. காற்று தொடங்கிய பின் வண்டி விழுந்தால் விழட்டும். தூக்கி நிறுத்த வெளியே போகாதீர்கள்.

மறுமொழி 3

நான் மெக்கானிக். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பட்டறைக்கு வரும் வண்டிகளில், மூழ்கியதால் கெட்டவற்றைவிட, மூழ்கிய பின் ஸ்டார்ட் செய்ததால் கெட்டவையே எனக்கு அதிக வேலை வைக்கின்றன. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. அந்த விசையில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சைலன்சர் மூழ்கியிருந்தால் சாவியையே போடாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரைப் பார்த்து, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அன்று காலையில் நான் பலமுறை செல்ஃப் அடித்துப் பார்த்தேன். ராடு வளைந்ததன் காரணம் இப்போதுதான் புரிகிறது. காப்பீட்டில் அந்தச் செலவைக் கேட்க முடியுமா?

மறுமொழி 1

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் வெள்ளமும் புயலும் அடங்கும். ஆனால், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்று ஆய்வாளர் எழுதினால் அந்தப் பகுதியை மறுக்கக்கூடும். இனி அப்படி நேர்ந்தால், வண்டியைத் தொடுவதற்கு முன்பே தண்ணீர் மட்டம் தெரியும்படி படம் எடுத்துவிட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.