வால்வு வானொலிக்குப் பழைய கண்டென்சரா, புதியதா?

கேள்வி (நல்லூர்)
அப்பப்பாவின் வால்வு (டிரான்ஸிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) வானொலியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றதிலிருந்து பரணில் கிடந்தது. ஊரே சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டபோதும் இது பேசவில்லை. டைனமோவின் 6 வோல்ட் இதற்கு எந்த மூலைக்கு? இப்போது 230 வோல்ட் கொடுத்தால் பாடுகிறது. ஆனால் ஓயாத ‘உம்ம்’ இரைச்சல். பத்து நிமிடத்தில் குரல் கரகரத்து, ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 வால்வின் உள்தகடு சிவக்கிறது.

காலமான ஒரு ரேடியோ திருத்துநர் வீட்டில், ஒரு பிஸ்கட் ரின் நிறைய அந்தக்காலத்துக் கண்டென்சர்களும் (மின்னைத் தேக்கிவைக்கும் உறுப்புகள்) இரண்டு ஈஎல்84 வால்வுகளும் கிடைத்தன. எதுவும் பாவிக்காதவை. அசல் கெடாமல் அவற்றையே போடலாமா?

மறுமொழி (சுன்னாகம்)
தம்பி, முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். தகடு சிவக்கச் சிவக்க ஓடவிட்டால் வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்போமரும் போய்விடும்.

ரின்னில் உள்ள வால்வுகளை எடுத்துவையுங்கள். வெற்றிடம் கெடாதவரை அவை புதியவைதான். காகிதக் கண்டென்சர்கள் அப்படியல்ல. பாவிக்காமல் வைத்திருந்தாலும் ஈரம் ஏறிக் கசியும், நம் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். முந்தைய வால்வின் உயர் வோல்ட், கசியும் இணைப்புக் கண்டென்சர் வழியாக ஈஎல்84இன் கிரிட்டுக்கு (வால்வைக் கட்டுப்படுத்தும் முனை, 2ஆம் கால்) வருகிறது என்று நினைக்கிறேன். 2ஆம் காலை அளந்து பாருங்கள். சுழியத்துக்கு மேல் ஓரிரு வோல்ட் காட்டினாலே அந்தக் கண்டென்சரை மாற்றுங்கள்: 0.01 மைக்ரோபரட், 630 வோல்ட், பொலியெஸ்டர்.

மறுமொழி (பருத்தித்துறை)
அண்ணை சொல்வது சரி. ஆனால் ‘உம்ம்’ இரைச்சலை அடக்கவேண்டிய எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சரை (மின்வழங்கியில் உள்ள பெரியது) உடனே வீசவேண்டியதில்லை. வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்போமர்) மெல்ல வோல்ட்டை ஏற்றிச் சிலவற்றை மீட்டிருக்கிறேன்.

சுன்னாகம்
மீட்கலாம். நாள் முழுக்கப் பாடும் பெட்டியில் நான் நம்பமாட்டேன். பழைய அலுமினியக் குவளையைக் குடைந்து உள்ளே புதியதை ஒளித்துவிட்டால் அசலும் கெடாது. பெரிதாக இருந்தால் நல்லது என்று 220 மைக்ரோபரட்டைத் திணிக்காதீர்கள். ஏசியை டிசியாக்கும் ஈஸட்80 ரெக்டிஃபயர் வால்வுக்கு 50தான் எல்லை. கைவைக்குமுன் கண்டென்சரில் தேங்கிய மின்னை ரெசிஸ்டர் வழியாக வடித்துவிடுங்கள்.

கேட்டவர்
2ஆம் காலில் 9 வோல்ட்! ஈஎல்84ஐக் கழற்றிவிட்டு அளந்தாலும் குறையவில்லை, ஆக வால்வில் பிழையில்லை. ரின்னிலிருந்த காகிதக் கண்டென்சரையும் ஆசைக்கு ஒருமுறை போட்டேன், 6 வோல்ட். புதிய பொலியெஸ்டர் போட்டதும் சுழியம், தகடு சிவக்கவில்லை. ‘உம்ம்’ இன்னும் இருக்கிறது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 47 மைக்ரோபரட், 450 வோல்ட் எலெக்ட்ரோலைட்டிக் இரண்டு வாங்கிவரச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.