மல்டிசைட்டில் சோதனைத் தளங்களுக்கு எந்த டொமைன் அமைப்பு சரி?

வணக்கம். ஒரே வேர்ட்பிரஸ் மல்டிசைட்டில் (ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் வசதி) 14 வாடிக்கையாளர் தளங்கள், சப்டொமைன் முறையில். உபுண்டு 22.04, என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், டிஎன்எஸ்-01 (டிஎன்எஸ் பதிவு மூலம் டொமைன் நம்முடையது என்று நிரூபிக்கும் முறை) வழியாக வாங்கிய லெட்ஸ் என்கிரிப்ட் வைல்டுகார்டு சான்றிதழ் (*.எங்கள்டொமைன்). கடை.எங்கள்டொமைன் போன்ற முகவரிகள் சிக்கலின்றித் திறக்கின்றன. மூன்று வாரம் முன்பு சோதனை.கடை.எங்கள்டொமைன் என்று இன்னொரு படி சேர்த்தோம். அன்றிலிருந்து அந்த முகவரிகளில் மட்டும் சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை என்று பிரவுசர் தடுக்கிறது. காரணம் தெரியும்: வைல்டுகார்டின் நட்சத்திரம் ஒரு படிக்குத்தான் செல்லும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வைல்டுகார்டு வாங்கிப் பார்த்தோம். வேலை செய்கிறது, ஆனால் ஆளுக்கொரு சான்றிதழ், ஆளுக்கொரு சர்வர் பிளாக் (என்ஜின்எக்ஸில் ஒரு தளத்துக்கான அமைப்புப் பகுதி) என்று கட்டமைப்புக் கோப்பு வீங்குகிறது. கடை-சோதனை.எங்கள்டொமைன் என்று ஒரே படிக்குள் அடக்கினால் சான்றிதழ் பிரச்சினை தீர்கிறது. ஆனால் கூகுள் அனலிட்டிக்ஸ் குக்கி எங்கள்டொமைன் மட்டத்திலேயே அமர்வதால் 14 பேரின் தளங்களும் அதைப் பகிர்கின்றன. (இது இப்போதும் இருக்கிற தொல்லைதான்.) ஐந்து பேர் சொந்த டொமைனை சிநேம் (ஒரு முகவரியை இன்னொன்றுக்குச் சுட்டும் டிஎன்எஸ் பதிவு) வைத்து இணைத்திருக்கிறார்கள், அவர்களின் சோதனைத் தளம் மட்டும் எங்கள் டொமைனில் இருக்கிறது.

சோதனைக்கென்றே தனி டொமைன் வாங்கி, அதற்கு ஒரு வைல்டுகார்டு போட்டு, மல்டிசைட்டையும் தனி நிறுவலாகப் பிரிப்பதா, அல்லது ஒரே நெட்வொர்க்கில் ஹைபன் முறையோடு தொடர்வதா: 50 வாடிக்கையாளர் வரை தாங்குவது எது?