தரம் 5 வகுப்பில் செய்த மட்டைப் பற்சில்லுகள் இறுகுகின்றன, வழுக்குகின்றன. உதவி தேவை

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். தரம் 5 பிள்ளைகளோடு பற்சில்லு வைத்த சின்னப் பொறிகள் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு குழு கிணற்று வாளி இழுக்கும் பொறி செய்கிறது, இன்னொரு குழு ராட்டினம். மூன்றாவது குழு என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை, ஆனால் சில்லுகளை மட்டும் வெட்டிவிட்டார்கள். கடைகளில் கேட்டு வாங்கிய பெட்டி மட்டை, மூங்கில் குச்சி, பைண்டர் கம், இவ்வளவுதான் பொருட்கள். கத்தி வேலை மட்டும் நான் பார்க்கிறேன்.

கவராயத்தால் வட்டம் வரைந்து, பாகைமானியால் பிரித்து, 12 பல்லும் 24 பல்லுமாக வெட்டினோம். தனித்தனியே நன்றாகச் சுற்றுகின்றன, சேர்த்தால்தான் கரைச்சல். ராட்டினம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகி நிற்கிறது. வாளியில் பாரம் போட்டதும் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வழுக்குகின்றன. மூன்றாவது குழு மூன்று சில்லுகளை முக்கோணமாக, ஒன்றையொன்று தொடும்படி வைத்திருக்கிறது. அது அசையவே இல்லை.

பிழையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள். நான் திருத்திக் கொடுத்துவிட்டால் அவர்கள் சுற்றிப் பார்ப்பதோடு விட்டுவிடுவார்கள்.

பஞ்சிகாவத்தை மெக்கானிக்:
ரீச்சர், மூன்றுக்கும் மூன்று வேறு காரணம். எந்த இடத்தில் இறுகுகிறது என்று பேனையால் ஒரு புள்ளி போடச் சொல்லுங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும். பெரிய சில்லு ஒரு சுற்று வரும்போதெல்லாம் அதே புள்ளியில் இறுகினால், அந்தச் சில்லின் துளை நடுவில் இல்லை. ஒரு பக்கம் முட்டும், எதிர்ப்பக்கம் இளகும். ஒவ்வொரு பல்லிலும் இறுகினால் இரண்டு அச்சுகளும் மிகக் கிட்ட நிற்கின்றன. வழுக்கினால் மிகத் தூரம், இல்லாவிட்டால் பாரம் ஏறியதும் குச்சி சாய்கிறது. உங்கள் வாளிப் பொறிக்குக் குச்சி சாய்வதாகத்தான் இருக்கும். ஒரே மட்டையில் குத்திய குச்சி நிமிர்ந்து நிற்காது. பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் துளைத்து ஊடாக விடுங்கள். துளையில் முடிந்த பேனையின் கூட்டை வெட்டி ஒட்டினால் குச்சி அதற்குள் வழுவழுவென்று சுற்றும்.

தூரம் பிடிக்க எங்கள் வேலையில் ஒரு பழைய முறை இருக்கிறது. இரண்டாவது அச்சுக்கு வட்டத் துளை போடாமல் நீளமான வெட்டு ஒன்று போடுங்கள். இரண்டு சில்லுக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டை வைத்து, பற்கள் நன்றாகப் பதியும்வரை நெருக்கி, அச்சை அங்கே இறுக்கிவிட்டுக் கடதாசியை உருவுங்கள். அந்தக் கடதாசி அளவு இடைவெளி போதும். கொப்பித் தாளில் தொடங்கலாம், மட்டைக்கு அது காணாவிட்டால் பிரிஸ்டல் போர்ட். எந்தத் தாளில் நன்றாகச் சுற்றுகிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

வெள்ளவத்தை அம்மா:
ரீச்சர், கழித்துவிட்ட பிரிண்டர் கிடைத்தால் உள்ளே நிறையப் பற்சில்லுகள் இருக்கும். என் மகன் அதில்தான் விளையாடுவான்.

மொறட்டுவை மாணவன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் கலந்து போட்டால் பொருந்தாது. பல்லின் அளவு ஒன்றாக இருக்கும் சில்லுகள் மட்டுமே ஒன்றோடொன்று ஓடும். சிலவற்றில் பற்கள் சரிவாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இடச்சரிவுக்கு வலச்சரிவுதான் சேரும்.

ரீச்சர், மட்டையிலும் இதே விஷயம்தான். முதலில் வட்டம், பிறகு பல் என்று போனால் இரண்டு சில்லின் பல்லும் ஒரே அளவில் வராமல் போகலாம். நாங்கள் பல்லின் அளவை முதலில் வைத்துக்கொண்டுதான் விட்டத்துக்குப் போவோம். வகுப்பில் அதற்குச் சுலபமான வழி, பல்லை வெட்டாமலே விடுவது. பெட்டி மட்டையின் ஒரு பக்கத் தாளை ஈரத் துணியால் நனைத்து உரித்தால் உள்ளே இருக்கும் மேடுபள்ளம் வெளியே வரும். காய்ந்த பிறகு பட்டியாக வெட்டி வட்டத்தைச் சுற்றி ஒட்டினால் மேடுகள்தான் பற்கள். ஒரே மட்டை என்பதால் எல்லாம் ஒரே அளவு. மேட்டுக்கு மேடு 8 மில்லிமீற்றர் என்றால் 12 மேட்டுப் பட்டி 96 மில்லிமீற்றர், அதற்கு ஏறக்குறைய 31 மில்லிமீற்றர் விட்டம் வேண்டும். தண்ணீர்ப் போத்தல் மூடி கிட்டத்தட்ட அந்த அளவுதான். 24 மேட்டுக்கு 61. கடைசி மேடும் முதல் மேடும் சேரும் இடத்தில் அரை மேடு மிஞ்சக் கூடாது, அங்கேதான் முட்டும்.

முக்கோணத்தைத் தயவுசெய்து பிரிக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் இருக்கும் மிக நல்ல பொறி அதுதான். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு சில்லுகள் எதிரெதிராகத்தான் சுற்றும். ஒவ்வொரு சில்லிலும் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். முதலாவது வலம் என்றால் இரண்டாவது இடம், மூன்றாவது வலம். ஆனால் அது முதலாவதையும் தொடுகிறதே, அப்போது இடமும் சுற்ற வேண்டும். எவ்வளவு திருத்தமாக வெட்டினாலும் ஓடாது. நாலாவது சில்லைச் சேர்த்துச் சதுரமாக வைத்தால் ஓடும். ஐந்து வைத்தால் என்ன ஆகும் என்று செய்து பார்க்கும் முன்பே சொல்லச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
தம்பி, அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ராட்டினத்தில் புள்ளி போட்டுப் பார்த்தோம், துளைதான் நடுவில் இல்லை. குச்சியை இரண்டு சுவரிலும் நிறுத்தியதும் வாளி மேலே வருகிறது. சின்னச் சில்லில் கைப்பிடி வைத்தால் மெதுவாக ஆனால் லேசாகத் தூக்குகிறது, பெரிய சில்லில் வைத்தால் வேகமாக வருகிறது, கை வலிக்கிறது. இதை ஒரு பிள்ளை தானாகவே மாற்றி மாற்றிப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐந்து சில்லுக்கு வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அந்த மூன்றாவது குழு இப்போது மணிக்கூடு செய்யப் போகிறதாம். கோட்டையில் சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு கையும் ஒரே நடுவிலிருந்து எப்படி வேறு வேறு வேகத்தில் போகின்றன என்று கேட்கிறார்கள். 12 பல்லுக்கு 144 பல்லா வெட்டுவது?

மொறட்டுவை மாணவன்:
வேண்டாம் ரீச்சர், அது மேசையளவு வரும். 12 மடங்கை 3 தரம் 4 என்று பிரியுங்கள். நிமிடக் கையின் அச்சில் 15 பல், அது பக்கத்து அச்சிலுள்ள 45 பல்லைச் சுற்றட்டும். அந்த 45உடன் ஒட்டிய 12 பல், மணிக் கையின் 48 பல்லைச் சுற்றட்டும். 15உம் 45உம் 60, 12உம் 48உம் 60. கூட்டுத்தொகை ஒன்றானதால்தான் இரண்டு சோடியும் ஒரே அச்சுத் தூரத்தில் பொருந்தும். இரண்டு தடவை திசை மாறுவதால் இரண்டு கையும் ஒரே பக்கமாகவே சுற்றும்.

48 பல் சில்லை நிமிடக் குச்சியோடு ஒட்டிவிடக் கூடாது. அண்ணா சொன்ன பேனைக் கூட்டின்மேல் அதை ஒட்டி, கூட்டுக்குள்ளே நிமிடக் குச்சியை விடுங்கள். கூட்டின் நுனியில் மணிக் கை, குச்சியின் நுனியில் நிமிடக் கை.