மோட்யூலுக்குச் சான்று இருக்கிறது, அதை உள்ளே வைத்த பெட்டிக்கு? ஒயர்லெஸ் பொருள் ஏற்றுமதி செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பாயான் லெப்பாஸ்வாசி:

எங்களுடையது பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய கம்பெனி. மீன், இறால் ஏற்றும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வைஃபையில் அனுப்பும் கருவி செய்தோம். முதல் ஆர்டர் அமெரிக்காவுக்கு. உள்ளே இருப்பது வெளியில் வாங்கிய மோட்யூல், அதாவது வைஃபை ரேடியோ முழுதும் அடங்கிய சின்னத் துண்டு. அதன் தகர மூடியிலேயே அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் சான்று எண் அச்சாகி இருந்தது. "சான்றுதான் இருக்கிறதே, அப்புறம் எதற்குச் சோதனை?" என்றார் முதலாளி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சோதனை அறிக்கை இல்லாமல் சரக்கை எடுக்க மாட்டேன் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக நின்றார். இன்றைக்கும் அவருக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

அந்த எண் மோட்யூலின் ரேடியோவுக்கு மட்டும்தான். அதைச் சுற்றி நாம் போடும் போர்டு, பவர் சர்க்கியூட், ஒயர் எல்லாமே தம் பங்குக்கு அலையைக் கக்கும். எஃப்சிசி விதிகளின் 15ஆம் பகுதி அதையும் கேட்கிறது.

பாலம் தாண்டிப் போய், பெருநிலத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் அரை நாள் எடுத்தோம். சுவர் முழுக்க அலையை விழுங்கும் நீலக் கூம்புகள், நடுவில் சுழலும் மேசை, மூன்று மீட்டர் தள்ளி ஆன்டெனா. வைஃபை பக்கம் ஒரு குறையும் இல்லை. திரையில் 120 மெகாஹெர்ட்ஸில்தான் ஒரு கோடு ஊசி மாதிரி நிமிர்ந்து நின்றது. வீட்டிலும் புழங்கும் பொருள் என்பதால், வீட்டுப் பொருள்களுக்கான கிளாஸ் பி வரம்பு. 88 முதல் 216 மெகாஹெர்ட்ஸ் வரை, மூன்று மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 150 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. டெசிபல் கணக்கில் 43.5. நாங்கள் அதற்கு மேல் 6 டெசிபல், அதாவது இரண்டு மடங்கு.

சோதனைக்கூடத்தில் இருந்த எஞ்சினியர் தங்கச்சி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் சென்சார் ஒயரைக் கழற்றினார். கோடு படுத்துவிட்டது. மாட்டினார், எழுந்தது. பிறகு டேப்பை எடுத்து ஒயரை அளந்தார். 60 சென்டிமீட்டர். "120 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் இரண்டரை மீட்டர் அண்ணே. அதில் கால் பங்கு 62 சென்டிமீட்டர். நீங்கள் தொங்கவிட்டிருப்பது ஒயர் இல்லை, ஆன்டெனா" என்றார். படிப்பில் நூறு முறை போட்ட கணக்குதான். ஆனால் என் கையால் செய்த பொருளில் அதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

எங்கிருந்து வந்தது 120? மெமரி சிப்புக்குப் போகும் கிளாக், அதாவது தாளம் போடும் துடிப்பு, 24 மெகாஹெர்ட்ஸ். அதன் மடங்குகளிலும் இரைச்சல் எழும். ஐந்தால் பெருக்குங்கள். அந்த கிளாக் பாதை, சென்சார் கனெக்டருக்குப் பக்கத்தில், மின்னோட்டம் திரும்பிப்போகும் செப்புத் தளமான கிரவுண்டில் நான் விட்டிருந்த ஒரு பிளவைத் தாண்டிப் போனது. இடம் போதவில்லை என்று நானே விட்ட பிளவு. திரும்பிப்போக நேர்வழி இல்லாமல் மின்னோட்டம் சுற்றி வளைத்து ஓட, இரைச்சல் ஒயரில் ஏறிக்கொண்டது.

ஒயரில் இரைச்சலை அமுக்கும் ஃபெர்ரைட் கிளிப்பைக் கவ்வவிட்டால் அன்றைக்கே பாஸாகியிருக்கும். ஆனால் கிளிப்போடு பாஸானால் விற்கும் ஒவ்வொரு பெட்டியும் கிளிப்போடுதான் போக வேண்டும். அதனால் போர்டையே திருத்தினோம். பிளவை அடைத்தோம், கிளாக் கிளம்பும் இடத்திலேயே 33 ஓம் ரெசிஸ்டர் வைத்தோம், கனெக்டர் வாயில் கெப்பாசிட்டர் போட்டோம். ஆறு வாரம் போயிற்று. இரண்டாவது சோதனையில் அதே கோடு வரம்புக்கு 5 டெசிபல் கீழே இருந்தது.

பிறைக்காரன்:

எங்களுக்கு ஆன்டெனாவில் அடி விழுந்தது. ஸ்டாக் இல்லை என்று பர்சேஸிங்கில் 2 டிபிஐ ஆன்டெனாவுக்குப் பதில் 5 டிபிஐ வாங்கிவிட்டார்கள். டிபிஐ என்பது ஆன்டெனா அலையைக் குவித்துத் தரும் பலத்தின், அதாவது கெயினின், அளவு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மோட்யூல் விடும் பவர் 17 டிபிஎம். இரண்டையும் கூட்டினால் பழைய ஆன்டெனாவோடு 19, புதியதோடு 22. ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 20தான் உச்சம். அமெரிக்காவிலும், அதே வகை ஆன்டெனா, கெயின் சமமாகவோ குறைவாகவோ இருந்தால்தான் மோட்யூலின் சான்று செல்லும். நல்ல வேளை, பேக்கிங்குக்கு முன்னாடியே தரம் பார்க்கும் ஒரு கியூசி பையன் பார்ட் எண்ணைப் பார்த்துச் சொன்னான்.

இன்னொன்று. ஐரோப்பாவில் விற்கத் தேவையான சிஇ முத்திரை யாரோ நமக்குக் கொடுப்பது இல்லை. உற்பத்தி செய்பவரே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு ஒட்டுவது. ஆவணங்களைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தோடு பேசும் ரேடியோ கருவிகளுக்கு சைபர் பாதுகாப்பு விதியும் சேர்ந்துவிட்டது. மோட்யூல்காரரின் அறிக்கையை அப்படியே நகலெடுத்து ஃபைலில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் உங்கள் பெட்டி இல்லை.

கூலிம் நண்பர்:

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் வைஃபையின் 11ஆம் சேனலைத் தனியாகப் பாருங்கள். 2483.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே 2500 வரை தடை செய்த பட்டை. எங்கள் சிக்னலின் ஓரம் அதற்குள் வழிந்தது. அந்த ஒரு சேனலுக்கு மட்டும் சாஃப்ட்வேரில் பவரைக் குறைத்த பிறகுதான் சரியானது. ஆமாம், சேம்பருக்கு, அதாவது அந்தக் கூம்புச் சுவர் அறைக்கு, வாடகை கட்டுவதற்கு முன்னால் 120 மாதிரி கோடுகளை நம் மேசையிலேயே பிடிக்க வழி உண்டா?

பாயான் லெப்பாஸ்வாசி:

உண்டு அண்ணே. நடுக்கம்பியைச் சுற்றி வெளிவலை உள்ள மெல்லிய கோஆக்ஸ் ஒயரின் நுனியைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு வளையமாக வளையுங்கள். நுனியில் வரும் நடுக்கம்பியையும் வெளிவலையையும், வளையம் தொடங்கும் இடத்து வெளிவலையோடு சேர்த்து ஈயம் வைத்துவிடுங்கள். வளையத்தின் உச்சியில் வெளிவலையை மட்டும் ஒரு நூல் அகலம் வெட்டுங்கள். மறுமுனையை, அலைவரிசை வாரியாகக் கோடு காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மாட்டி, போர்டின் மேல் மெதுவாக நகர்த்தினால் எந்த இடத்தில் கோடு எகிறுகிறது என்று தெரியும். பாஸா ஃபெயிலா என்று அது சொல்லாது, அதற்கு சேம்பர்தான். ஆனால் என் பிளவின் மேல் கொண்டுபோனபோது ஒரே எகிறாக எகிறியது. சோதனைக்கு முன்னால் பத்து நிமிடம் இதைச் செய்திருந்தால் ஆறு வாரம் மிச்சம்.

நான் நாலு வளையம் செய்து வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவீர்கள்தானே, வரும்போது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.