நூலகக் கணினியில் ஜிமெயில் திறந்திருந்தபோதே கரண்ட் போய்விட்டது, உதவி தேவை

வைகறை97 | வியாழன், இரவு 8:31
அவசரம். நூலகத்தில் லாக்அவுட் செய்வதற்குள் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ்ஸும் தாங்கவில்லை. மூடும் நேரம் என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நாளை வெள்ளி, நூலகம் லீவு. வேறு யாராவது என் கணக்கைத் திறந்துவிட்டால்? எப்படித் தடுப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

செல்வி_தேனி | 8:36
ஜிமெயில் மட்டும்தானா? வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் வெப் ஏதாவது திறந்திருந்ததா? எந்த பிரவுசர்? உங்கள் போன் கையில் இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூத்த_கணினியன் | 8:40
கரண்ட் போனால் கணினியும் அணைந்துவிடும், பிரவுசரும் மூடிவிடும். கதை முடிந்தது. பொதுக் கணினியில் உட்காரும் முன் அடிப்படை விஷயங்களையாவது தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். இதை இங்கே பலமுறை எழுதியாயிற்று, தேடிப் படியுங்கள்.

கோவை_பாலா | 8:45
கணினி அணைந்தால் கணக்கிலிருந்து வெளியேறியதாக ஆகாது. உள்ளே நுழைந்ததற்கு அடையாளமாக பிரவுசர் வைத்துக்கொள்ளும் சிறு பதிவு, அதாவது குக்கி, வன்தட்டில் அப்படியே இருக்கும். அதோடு கரண்ட் போய் அணைந்த கணினியில் அடுத்த முறை குரோமைத் திறந்தால், சரியாக மூடப்படவில்லை, பழைய பக்கங்களை மீட்கவா என்று அதுவே கேட்கும். அடுத்து உட்காருகிறவர் அந்தப் பட்டனை அழுத்தினால் போதும், இவருடைய இன்பாக்ஸ் கண்முன்னே வந்து நிற்கும்.

நெட்சென்டர்_முருகன் | 8:49
இதில் பெரிய ஆபத்து கீலாகர்தான். சிபியு பின்னால் கீபோர்டு ஒயர் சொருகும் இடத்தில் விரல் நுனி அளவு ஒரு கருவியை மாட்டிவிட்டால், அடிக்கிற எழுத்தெல்லாம் அதில் பதிவாகிவிடும். பத்து வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் சொல்கிறேன். பின்னால் குனிந்து பார்த்தீர்களா?

வைகறை97 | 8:52
குரோம். டிஎன்பிஎஸ்சி பக்கமும் திறந்திருந்தது. போன் இருக்கிறது.

செல்வி_தேனி | 8:54
அப்படியானால் பதறாதீர்கள். போனில் கூகுள் கணக்குக்குள் போய், பாதுகாப்பு பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ என்று இருப்பதைத் திறங்கள். அந்த விண்டோஸ் கணினியைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றுங்கள். உடனே பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாற்றினால் பெரும்பாலும் மற்ற இடங்களிலும் தானாக வெளியேறிவிடும்.

வைகறை97 | 8:57
அது பட்டன் போன் அக்கா. ஓடிபி மட்டும்தான் வரும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் நூலகத்துக்குப் போகிறேன்.

கோவை_பாலா | 8:59
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும். வீட்டில் வேறு யாரிடமாவது ஸ்மார்ட்போன் இருக்கிறதா? அங்கே வேறு என்னென்ன செய்தீர்கள்? ஏதாவது டவுன்லோடு செய்தீர்களா?

வைகறை97 | 9:03
அண்ணி போன் இருக்கிறது, பத்து மணிக்குத்தான் வருவார். இ-ஆதார் இறக்கினேன், பிரிண்ட் எடுக்க. பயோடேட்டாவும் அதிலேயே இருக்கிறது. ஆதாருக்குப் பாஸ்வேர்டு உண்டே, அது பரவாயில்லைதானே?

ஓய்வு_நூலகர் | 9:10
பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. இ-ஆதார் கோப்பின் பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒரே முறைதான்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதன் பின்னால் பிறந்த வருஷம். அதே டவுன்லோட்ஸ் கோப்புறையில் உங்கள் பயோடேட்டா இருந்தால் பெயரும் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கும். பூட்டையும் சாவியையும் ஒரே இடத்தில் வைத்த மாதிரி.

நான் பணியில் இருந்தபோது மாதம் ஒருமுறை அந்தக் கோப்புறையை நானே காலி செய்வேன். யார் யாருடைய ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் கிடக்கும். ‘பயோடேட்டா ஃபைனல்’, ‘பயோடேட்டா ஃபைனல் 2’ என்று வரிசையாக. ஒவ்வொன்றும் வீட்டில் கணினி இல்லாத ஒரு பிள்ளையுடையது. பிரிண்ட் வந்ததும் எழுந்து போய்விடுவார்கள், பின்னால் க்யூ நிற்குமே.

ஒரு ஆறுதல், நாளை விடுமுறை என்பது உங்களுக்கு நல்லதுதான். அந்த நாற்காலியில் யாரும் உட்காரப் போவதில்லை. இது இரண்டாம் சனி வாரமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சனிக்கிழமை திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள்.

மூத்த_கணினியன் | 9:14
இன்காக்னிட்டோவில், அதாவது குரோமின் மறைவு ஜன்னலில் திறந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

கோவை_பாலா | 9:19
குக்கி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கடைசி இன்காக்னிட்டோ ஜன்னல் மூடியதும் அது போய்விடும். ஆனால் இறக்கிய கோப்பு போகாது, ஆதார் அங்கேயேதான் இருக்கும். ஒரு ஜன்னலை மூடி இன்னொன்றை விட்டுவிட்டால் லாகினும் அப்படியே இருக்கும்.

தம்பி, இன்னொரு கேள்வி: ஜிமெயில் திறந்தபோது ‘சிங்க்’ ஆன் செய்யவா என்று குரோம் கேட்டதா? சரி என்று கொடுத்திருந்தால் நீங்கள் சேமித்த பாஸ்வேர்டுகளும் அந்தக் கணினிக்கு வந்திருக்கலாம். தூரத்திலிருந்து வெளியேற்றினாலும் ஏற்கெனவே இறங்கியது அங்கே தங்கிவிடும். நேரில் போய் அந்த புரொஃபைலையே நீக்க வேண்டும்.

நெட்சென்டர்_முருகன் | 9:22
கீலாகர் பற்றி யாருமே பேசவில்லையே. இன்காக்னிட்டோ அதைத் தடுக்குமா?

செல்வி_தேனி | 9:25
தடுக்காது அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது அவர் வீட்டில் இருக்கிறார், சிபியு பின்னால் பார்க்க முடியாது. வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டை மாற்றினால் கீலாகர் பிடித்த பழைய பாஸ்வேர்டும் செல்லாது. இரண்டுக்கும் அதுவே தீர்வு.

சட்டம்_கதிர் | 9:31
அங்கே பதிவேட்டில் பெயர், நேரம் எழுதினீர்களா? பின்னால் ஏதாவது பிரச்சினை வந்தால் அது உதவும். 2011 சைபர் கஃபே விதிகளின்படி அடையாளச் சான்று பார்த்து, யார் எந்த நேரம் உட்கார்ந்தார் என்ற பதிவை ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும்.

ஓய்வு_நூலகர் | 9:36
நூலகம் சைபர் கஃபே அல்லவே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வரையறையே ‘வணிகத்தின் இயல்பான போக்கில்’ இணையம் தருகிற இடம் என்றுதானே இருக்கிறது? நாங்கள் வணிகம் செய்யவில்லை.

சட்டம்_கதிர் | 9:40
மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால்? பல இடங்களில் வாங்குகிறார்கள். அந்த வாதம் நிற்காது சார். மேலும் அந்த விதிகள் பயனுள்ளவை. கணினிகளுக்கு இடையிலான தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, சிறுவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலர் துணையில்லாமல் தடுப்புக்குள் உட்காரக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது.

ஓய்வு_நூலகர் | 9:47
பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே விதிகள் யார் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்ற வரலாற்றையும் வைத்திருக்கச் சொல்கின்றன. ஒரு பெண் தன் உடல்நிலை பற்றித் தேடுகிறாள், ஒருவர் விவாகரத்துச் சட்டம் படிக்கிறார். வாசகர் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதையே அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று பழகியவர்கள் நாங்கள். பெயர், நேரம் வரை சரி. அதற்கு மேல் வேண்டாம்.

மூத்த_கணினியன் | 9:50
தலைப்புக்குத் திரும்புங்கள்.

செல்வி_தேனி | 9:53
தம்பி, அண்ணி வந்ததும் செய்ய வேண்டியது, வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஜிமெயில். டிஎன்பிஎஸ்சி பாஸ்வேர்டை மறந்துவிட்டதாகச் சொல்லி மாற்றுகிறவர்கள் மின்னஞ்சல் வழியாக வரலாம், அதனால் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். அண்ணி போனில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து அதில் மட்டும் செய்யுங்கள். போனில் புதுக் கணக்காகச் சேர்க்காதீர்கள், கேட்கிற எதையும் சேமிக்காதீர்கள். ஓடிபி உங்கள் பட்டன் போனுக்கு வரும், அதை யாரிடமும் சொல்ல வேண்டாம். அப்புறம் டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவின் பாஸ்வேர்டு. அப்புறம் ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். பணம் ஏதாவது போனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

ஓய்வு_நூலகர் | 9:58
அடுத்த முறை பிரிண்டுக்கு, கேட்கிற இடம் ஏற்றுக்கொள்ளுமென்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை இறக்குங்கள். பொதுக் கணினியில் ஆதார் இறக்கினால் நகல் எதுவும் மிஞ்சாமல் அழிக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2022-இல் அறிவுறுத்தியிருக்கிறது. சனிக்கிழமை போகும்போது நூலகரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதைப் போட்டால் அடுத்து வருகிற பிள்ளைகளுக்கும் இந்தப் பயம் இல்லை. தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

வைகறை97 | 10:41
ஜிமெயில், டிஎன்பிஎஸ்சி இரண்டும் மாற்றிவிட்டேன். சாதனப் பட்டியலில் அந்த விண்டோஸ் இருந்தது, எடுத்துவிட்டேன். ரொம்ப நன்றி அக்கா.

சட்டம்_கதிர் | 10:55
நூலகர் சார், குற்றம் நடந்த பிறகு காவல்துறை பதிவு கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

ஓய்வு_நூலகர் | 11:06
பெயரும் நேரமும் காட்டுவேன். சம்பந்தமில்லாத முந்நூறு பேருடைய தேடலைக் காட்ட மாட்டேன்.

வைகறை97 | சனி, காலை 11:20
போய்விட்டு வந்தேன். பாலா அண்ணா சொன்ன மாதிரியே பக்கங்களை மீட்கவா என்று கேட்டது. அழுத்திப் பார்த்தேன், ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டது, உள்ளே போகவில்லை. சிங்க் ஆன் ஆகவில்லை. நன்றி எல்லோருக்கும்.

செல்வி_தேனி | சனி, 11:24
நல்லது தம்பி. ஆதார் கோப்பும் பயோடேட்டாவும் அழித்தீர்களா? ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தீர்களா?

செல்வி_தேனி | ஞாயிறு, காலை 9:05
தம்பி?