பீடி சுத்துற வீட்டுப் பிள்ளைக்கு சி.ஏ.வா, வங்கித் தேர்வா?

முக்கூடல்காரன்:
பன்னிரண்டாம் வகுப்புல வணிகவியல் முடிச்ச பிள்ளைகளை எல்லாரும் சி.ஏ. (பட்டயக் கணக்காளர் படிப்பு) பக்கம் தள்ளுதாங்க. வீட்டுக்குச் சம்பளம் எப்ப வரும்னு கேக்க ஆளில்ல. பி.காம் முடிச்சு 20 வயசானா அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்குற ஐபிபிஎஸ் நடத்துற கிளார்க் தேர்வை எழுதலாம். முதல்நிலைத் தேர்வு 100 கேள்வி, 60 நிமிஷம். கணக்கும் ரீசனிங்கும் தமிழ்லயே எழுதலாம். நேர்முகத் தேர்வு கிடையாது. வேலையில சேர்ந்து வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகளை முடிச்சா கூடுதல் இன்கிரிமென்ட் உண்டு.

பேட்டை கணக்கர்:
அண்ணாச்சி, கிளார்க்கும் லேசுப்பட்டதில்ல. தப்பு விடைக்குக் கால் மார்க் போகும். மூணு பகுதிக்கும் தனித்தனியா 20 நிமிஷம். ஒண்ணுல மிச்சமாகுற நேரம் அடுத்ததுக்கு உதவாது. சி.ஏ.ல 2023 புதுத் திட்டத்துல ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர்கிட்ட செய்யுற தொழிற்பயிற்சி, 2 வருஷமா குறைஞ்சிட்டு, அதுக்கு ஸ்டைபண்டும் (பயிற்சிக்கால உதவித்தொகை) உண்டு. பாடப் புத்தகம், நேரலை வகுப்பு, மாதிரித் தேர்வு எல்லாம் சி.ஏ. தேர்வு நடத்துற ஐசிஏஐ தளத்துல இலவசம். கடன் வாங்கி கோச்சிங் போகணும்னு கட்டாயமே இல்ல.

முக்கூடல்காரன்:
மொழியை விட்டுட்டீங்களே. சி.ஏ. தேர்வு ஆங்கிலம், இல்லன்னா இந்தி. தமிழ் வழியில படிச்ச பிள்ளை முதல் கட்டமான பவுண்டேஷன் சட்டத் தாள்ல விழுறது சட்டம் புரியாம இல்ல, விடையை ஆங்கிலத்துல கோத்து எழுத வராமத்தான். அடுத்த கட்டமான இன்டர்ல ரெண்டு குரூப், ஒரு குரூப்புக்கு 3 தாள். தாளுக்கு 40 எடுத்தாலும் மொத்தம் 150 வரலன்னா அந்த குரூப்பே போச்சு.

பேட்டை கணக்கர்:
அதனாலதான் ஒவ்வொரு குரூப்பா எழுதச் சொல்லுதேன். 60 எடுத்த தாளுக்கு அடுத்த 3 முறை விலக்கு கிடைக்கும். ஆங்கிலம் தடுமாறுற பிள்ளைக்கு பவுண்டேஷனே வேண்டாம். பி.காம்ல 55 சதவீதம் எடுத்தா நேரா இன்டர். அந்த மூணு வருஷமும் தினம் ஒரு சட்ட விடையைக் கையால எழுதிப் பழகட்டும். வாசிச்சா மட்டும் எழுத்து வராது.

கொக்கிரகுளம்:
நீங்க ரெண்டு பேரும் சொல்லுற வழிக்கு பி.காம் பொது. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்சவங்க கல்லூரியில சேர்ந்தா புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தனி. தேசிய உதவித்தொகை தளத்துல விண்ணப்பிக்கணும். அம்மாவோட பீடி அட்டையில ஒரு பேரு, ஆதார்ல வேற எழுத்துன்னா சரிபார்ப்புல நின்னு போகும். பள்ளி முடியுமுன்னே திருத்தி வச்சுக்கிடுங்க.

பேட்டை கணக்கர்:
கிளார்க்குக்கு 28 வயசு வரை இடமிருக்கு, ஓபிசிக்கு 31. இன்டரை முதல்ல முயன்று பாத்தா என்ன நட்டம்?

முக்கூடல்காரன்:
வயசு காத்திருக்கும், வட்டி காத்திருக்காதே. இன்டர் ரெண்டு குரூப்பும் தேறினாத்தான் ஆர்ட்டிகிள்ஷிப்பே தொடங்கும். அதுவரைக்கும் ஸ்டைபண்ட் ஒரு ரூபா வராது. அந்த இடைவெளிக்கு வழி சொல்லுங்க, நானும் உங்க கட்சிக்கு வாரேன்.