செபிக்க இருந்தாலே பயம் வந்தால்?

கேள்வி (உப்புவெளி): செபிக்க இருந்தாலே பயமும் வெறுப்பும். சனம் செய்வினை எண்டு தேசிக்காய் வெட்டச் சொல்லுது. என்ன செய்யிறது அண்ணை?

பதில் 1: வேண்டாம் தங்கச்சி, அது பயத்தைத்தான் கூட்டும். முதல் நித்திரையைப் பாருங்கோ. சாத்தான் "நீ உருப்படமாட்டாய்" எண்டு மொட்டையாக் குற்றஞ்சாட்டுவான். பரிசுத்த ஆவியானவர் குறித்த பாவத்தைக் காட்டி, திரும்பி வரவும் வழி விடுவார்.

பதில் 2: "பிசாசை எதிர்த்து நில்லுங்கள்" எண்ட பைபிள் வசனத்தை (யாக்கோபு 4:7) பாதியில வெட்டாதேங்கோ. கடவுளுக்குக் கீழ்ப்படியிறது முதல், எதிர்க்கிறது பிறகு. வனாந்தரத்தில சாத்தான் சோதிச்ச 3 தரமும் இயேசு பைபிளின்ர உபாகமம் 6, 8ஆம் அதிகார வசனங்களாலதான் பதில் சொன்னவர். ஒரு வசனத்தைப் பாடமாக்கிச் சத்தமாச் சொல்லுங்கோ.

பதில் 3 (பாலையூற்று): இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியாரின்ர விதி: சோர்வில பழைய தீர்மானத்தை மாத்தக்கூடாது. 10 நிமிசம் செபிக்கிறனீங்கள் எண்டால் 11 இருங்கோ. பேயோட்டல் கத்தோலிக்கரிட்ட ஆயரின் அனுமதி உள்ள குருவுக்கு மட்டும்.